சொத்தும் ஓட்டும்: சீமாட்டிகள் நடத்திய போராட்டம்

(சோழவரத்தில் இளைஞர்களும் வியாபாரிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



ஒரு தேர்தல் நாள் காலை. ஓட்டுச்சாவடிக்கு நூறு கஜம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். மணி ஏழு ஆகவில்லை, அதற்குள் பெண்கள் வரிசை தெருமுனை வரை வந்துவிட்டது. செங்குன்றம் அரிசி ஆலைகளில் நெல் அள்ளும் பெண்கள், கும்மிடிப்பூண்டி பக்கத்துக் கம்பெனிகளில் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்காத கண்களோடு வந்த பெண்கள், இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண்கள். நம் வியாபாரிகள் வீட்டுப் பெண்கள் அந்த வரிசையில் எத்தனை பேர் என்று பார்த்தேன். எண்ணுவதற்குக் கைவிரல்களே அதிகம்!

ஜி.என்.டி. சாலையில் நல்ல நிலையில் கடை நடத்தும் ஒரு சகோதரர் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தார். "வீட்டில் எல்லோரும் போட்டாச்சா?" என்று கேட்டேன். "ஹஜ்ரத், அவங்களுக்கு வீட்ல ஒரு குறையும் இல்ல. எதுக்கு வெயில்ல வந்து நிக்கணும்?" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை, பாசத்தோடுதான் சொன்னார்.

குறை இல்லாதவர்களுக்கு ஓட்டு எதற்கு? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. வரலாற்றைப் புரட்டிப் பார்த்தேன். பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்று முதலில் எழுந்து கேட்டவர்களில் பெரும்பாலோர் யார் தெரியுமா? ஒரு குறையும் இல்லாதவர்கள்தான்! மன்னர் மகள்கள், ஜமீன்தார் மனைவிகள், பத்திரிகை முதலாளிகள், மருத்துவர்கள், கல்லூரிப் படிப்புப் படித்தவர்கள். சோறு, துணி, வேலைக்காரர்கள் எல்லாம் இருந்தும் ஏன் கேட்டார்கள்? அதைத்தான் உங்களோடு பேசப் போகிறேன்.

ஏலத்துக்கு வந்த வைர மோதிரம்

பஞ்சாபை ஆண்ட கடைசி மன்னர் துலீப் சிங். சிறுவனாக இருந்தபோதே அவரிடமிருந்து ஆங்கிலேயன் நாட்டையும் பறித்தான், கோஹினூர் வைரத்தையும் பறித்தான். அவருடைய மகள் சோபியா இங்கிலாந்தில் வளர்ந்தார். விக்டோரியா ராணி அவருக்கு ஞானத்தாய். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை அருகே குடியிருக்க வீடும் ராணி கொடுத்தார். உயர்ந்த சாதி நாய்கள், குதிரை வண்டி, விருந்து, சைக்கிள் சவாரி என்று போனது வாழ்க்கை.

1910 நவம்பர் 18. சுமார் 300 பெண்கள் ஓட்டுரிமை கேட்டுப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்தை நோக்கிப் போனார்கள். போலீசார் மணிக்கணக்கில் அவர்களைத் தள்ளி, அடித்து, மானபங்கப்படுத்தினார்கள். அந்த நாளுக்கே 'கறுப்பு வெள்ளி' என்று பெயர் வந்துவிட்டது. எம்மலின் பாங்கர்ஸ்ட் அம்மையாரோடு முன்வரிசையில் போனவர்களில் சோபியாவும் ஒருவர். 1913-இல் தான் குடியிருந்த அதே அரண்மனையின் வாசலில் நின்று, போராட்டக்காரர்களின் பத்திரிகையைக் கூவி விற்றார். அரச குடும்பம் கொடுத்த வீட்டில் இருந்துகொண்டு, அந்த வீட்டு வாசலிலேயே!

வரி கட்டும் வியாபாரிகளுக்கு அடுத்த செய்தி நன்றாகப் புரியும். அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் நாய் வளர்க்க, வண்டி வைத்துக்கொள்ள, ஆண் வேலைக்காரனை அமர்த்திக்கொள்ள லைசென்ஸ் பணம் கட்ட வேண்டும். சோபியா கட்ட மறுத்தார். எனக்கு ஓட்டு இல்லை, அப்படியானால் என்னிடம் வரி கேட்க உனக்கு என்ன உரிமை என்பதுதான் வாதம். 1911-இல் நீதிமன்றம் 3 பவுண்டு அபராதம் போட்டது. அதையும் கட்டவில்லை. ஏழு வைரங்கள் பதித்த அவரது மோதிரத்தை ஜப்தி செய்து ஏலம் விட்டார்கள். போராட்டத்திலிருந்த இன்னொரு பெண் அதை ஏலத்தில் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். சோபியா அதோடு நின்றாரா? 1913-இல் மறுபடியும் அதே குற்றத்துக்காக அபராதம்!

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சாதாரணப் பெண்கள் சிறைக்குப் போனார்கள். உண்ணாவிரதம் இருந்தவர்களின் மூக்கிலும் வாயிலும் குழாயைச் செருகி உணவை ஊற்றினார்கள். சோபியா சிறை வைக்கப்படவில்லை. இளவரசியை உள்ளே தள்ளினால் ஊரெல்லாம் பேச்சாகிவிடும் என்ற தயக்கம் அரசுக்கு இருந்தது. அவருடைய அந்தஸ்து அவருக்குக் கேடயமாக இருந்தது. ஆனால் அந்தக் கேடயத்தை வீட்டில் மாட்டி வைத்து அழகு பார்க்காமல் தெருவுக்குக் கொண்டு வந்தார் பாருங்கள், அதற்காகத்தான் அவரை நினைக்கிறோம்.

அடையாறில் கிளம்பிய கோரிக்கை

1911-இல் காஷ்மீருக்கு ஓய்வுக்காகப் போயிருந்தார் பம்பாயைச் சேர்ந்த ஹீராபாய் டாட்டா என்ற பார்சிப் பெண்மணி. 13 வயது மகள் மித்தனும் உடன் இருந்தார். அங்கே சோபியாவைச் சந்தித்தார்கள். சோபியாவின் உடையில் 'பெண்களுக்கு ஓட்டு' என்று எழுதிய சிறு வில்லை குத்தியிருந்தது. இது என்ன என்று கேட்கப்போய், ஹீராபாய் தன் வாழ்நாள் வேலையைக் கண்டுகொண்டார்.

இதற்கிடையில் நம் சென்னையில் என்ன நடந்தது? இங்கிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ள அடையாறில் 1917 மே மாதம் இந்திய மாதர் சங்கம் தொடங்கப்பட்டது. அன்னி பெசன்ட், டோரதி ஜினராஜதாசா, மார்கரெட் கஸின்ஸ் ஆகியோர் முன்னணியில் இருந்தார்கள். அயர்லாந்துக்காரரான மார்கரெட் கஸின்ஸ் தன் நாட்டில் இதே ஓட்டுரிமைக்காகச் சிறை கண்டவர். அந்த ஆண்டு இந்தியாவின் அரசியல் சீர்திருத்தம் பற்றி விசாரிக்க மாண்டேகு என்ற பிரிட்டிஷ் மந்திரி வந்தார். பெண் கல்வி பற்றிப் பேச நேரம் கேட்டு கஸின்ஸ் எழுதினார். அரசியல் கோரிக்கைகளை மட்டும்தான் கேட்போம் என்று பதில் வந்தது. அரசியல்தானே வேண்டும், இதோ என்று ஓட்டுரிமையைக் கோரிக்கையாக எழுதிவிட்டார்! 1917 டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் தூதுக்குழு சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்தது.

அந்தக் குழுவில் பெரும்பாலோர் வசதியான வீட்டுப் பெண்கள். பட்டதாரிகள், மருத்துவர்கள், பெரிய மனிதர்களின் மனைவிகள். அவர்களோடு நம் சமுதாயத்துப் பெண் ஒருவரும் இருந்தார். மௌலானா ஹஸ்ரத் மோஹானியின் துணைவியார் நிஷாதுன்னிஸா பேகம். கணவர் ஆங்கிலேயனின் சிறையில். வசதி என்று சொல்ல ஒன்றும் இல்லை. சீமாட்டிகளுக்கு நடுவே ஒரு சிறைக்கைதியின் மனைவி!

பிறகு ஓட்டுரிமை பற்றி ஆராய சவுத்பரோ குழு வந்தது. பெண்களுக்கு ஓட்டு இப்போது வேண்டாம் என்று அறிக்கை கொடுத்தது. என்ன காரணம்? இந்தச் சமூக நிலைமைக்கு அது ஒத்துவராதாம், பர்தா வழக்கம் தடையாக இருக்கிறதாம். நம் வீட்டுப் பெண்களின் கண்ணியத்தை, அவர்களின் உரிமையை மறுக்கும் சாக்காக வெள்ளைக்காரன் ஆக்கினான். திரைக்குப் பின்னால் இருக்கும் பெண்ணுக்குத் தனிச் சாவடியும் பெண் அலுவலரும் வைத்தால் தீர்ந்துபோகும் விஷயம் அது. பிற்காலத்தில் அப்படித்தான் செய்தார்கள்.

1919-இல் ஹீராபாயும் மித்தனும் கப்பல் ஏறி லண்டன் போனார்கள். சரோஜினி நாயுடுவும் வந்தார். பாராளுமன்றக் குழுவின் முன் வாதாடினார்கள். கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார்கள். வசதியில்லாத குடும்பத்தால் இந்தச் செலவைத் தாங்கியிருக்க முடியுமா? முடியாது. கடைசியில், பெண்களுக்கு ஓட்டுக் கொடுப்பதை அந்தந்த மாகாண சட்டசபை முடிவு செய்யட்டும் என்று கதவைப் பாதி திறந்தார்கள். அந்தப் பாதிக் கதவில் முதலில் நுழைந்த மாகாணம் எது? நம் சென்னை மாகாணம்! 1921 ஏப்ரலில் பெண் என்பதால் ஓட்டு இல்லை என்ற விதியைச் சென்னை சட்டசபை நீக்கியது. பம்பாய் பின்னால் வந்தது.

யாருக்குக் கிடைத்தது?

வாசகர்களே, இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். 1921-இல் கிடைத்த ஓட்டு எல்லாப் பெண்களுக்கும் கிடைக்கவில்லை. சொத்து இருக்க வேண்டும், வரி கட்டியிருக்க வேண்டும். ஆண்களிலேயே சிலருக்குத்தான் ஓட்டு இருந்த காலம் அது. பெண்களில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட ஓட்டு வரவில்லை. இங்கிலாந்திலும் அதே கதைதான். 1918-இல் 30 வயதான, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். ஆண்களுக்குச் சமமாகக் கிடைக்க இன்னும் பத்து ஆண்டு, 1928 ஆனது. சீமாட்டிகள் திறந்த கதவில் முதலில் சீமாட்டிகளே நுழைந்தார்கள்!

இதில் நமக்கு ஒரு பாடம் மட்டுமல்ல, ஒரு வெட்கமும் இருக்கிறது. இங்கிலாந்தில் திருமணமான பெண் தன் சொத்தைத் தன் பெயரில் வைத்துக்கொள்ள 1882-இல்தான் முழுமையான சட்டம் வந்தது. நமக்கோ மகளின் பங்கும் மனைவியின் பங்கும் மஹரும் 1,400 ஆண்டுகளுக்கு முன்பே விதிக்கப்பட்டவை. சொத்துள்ளவருக்கு ஓட்டு என்று 1921-இல் சொன்னபோது, முஸ்லிம் பெண்கள் அல்லவா முதல் வரிசையில் நின்றிருக்க வேண்டும்? நிற்கவில்லை. பங்கு கிதாபில் இருந்தது, பத்திரத்தில் இல்லை. தங்கைக்குச் சீர் செய்துவிட்டோம், கணக்கு முடிந்தது என்று அண்ணன்மார்கள் எழுதி வாங்கிக்கொண்டார்கள். நாட்டின் பல பகுதிகளில் ஊர் வழக்கம் என்று சொல்லியே பெண்ணின் பங்கை மறுத்தார்கள். இந்த வழக்கச் சட்டத்தை முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் கண்டித்தன. 1937-இல் ஷரீஅத் சட்டம் வந்தபோது, மசோதாவின் நோக்க உரையிலேயே அதைக் குறிப்பிட்டார்கள். பங்கைக் கொடுக்காதபோது சொத்து மட்டுமா போயிற்று? அந்தக் காலச் சட்டப்படி ஓட்டும் சேர்ந்தே போயிற்று.

வங்காளத்தில் நடந்ததையும் மறைக்க வேண்டியதில்லை. 1921-இல் அங்கே சட்டசபை பெண்களின் ஓட்டுரிமையைத் தோற்கடித்தது. எதிர்த்து ஓட்டளித்தவர்களில் முஸ்லிம் உறுப்பினர்கள் நிறைய இருந்தார்கள். ஆனால் அதே வங்காளத்தில், அந்த உரிமைக்காக நின்ற பெண்களோடு பேகம் ரொக்கையா சகாவத் ஹுசைனும் இருந்தார். கணவர் விட்டுச்சென்ற 10,000 ரூபாயில் நகை வாங்காமல் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தியவர் அவர். 1911-இல் கல்கத்தாவில் 8 மாணவிகளோடு அந்தப் பள்ளி தொடங்கியது. 1925-இல் வங்காளமும் வழிக்கு வந்தது.

பணம் பேசினால்

பணம் போராட்டத்துக்கு எப்படி வந்தது என்று வியாபாரிகளான நீங்கள் கேட்பீர்கள். அதற்கு அமெரிக்காவைப் பார்க்க வேண்டும். அங்கே மிரியம் லெஸ்லி என்ற பெண்மணி, கணவர் கடனில் விட்டுச்சென்ற பத்திரிகைத் தொழிலை நிமிர்த்திக் கடனை அடைத்துக் காட்டியவர். 1914-இல் இறந்தபோது, சொத்தின் பெரும்பகுதியைப் பெண்களின் ஓட்டுரிமைக்காகக் கேரி சாப்மன் கேட் அம்மையாரிடம் எழுதி வைத்துவிட்டார். உறவினர்கள் வழக்குப் போட்டார்கள் (சொத்து என்றால் எந்த ஊரிலும் உறவினர் வந்துவிடுவார்கள்!). வக்கீல் செலவு போக மிஞ்சியதே பெருந்தொகை. 1920-இல் அமெரிக்கப் பெண்கள் வெற்றி பெற்றதில் அந்தப் பணத்துக்குப் பங்கு உண்டு.

இன்னொருவர் ஆல்வா பெல்மான்ட், கோடீஸ்வரி. 1909-இல் நியூயார்க்கில் சட்டை தைக்கும் பெண் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கைதானபோது, இரவு நீதிமன்றத்தில் தன் மாளிகையையே ஜாமீனாகக் காட்டிச் சிலரை வெளியே கொண்டுவந்தார். ஓட்டுரிமைச் சங்கத்தின் தலைமை அலுவலகம் நியூயார்க்குக்கு வர வாடகையும் கொடுத்தார். ஆனால் அவரை எல்லோரும் கொண்டாடவில்லை. பணம் கொடுத்தவர் முடிவையும் தானே எடுக்கப் பார்த்தார். கம்பளி அங்கி போர்த்திய சீமாட்டிகள் நமக்காக அல்ல, தங்களுக்காகத்தான் வருகிறார்கள் என்று தையல் பெண்களில் பலர் சந்தேகப்பட்டார்கள். இது நமக்குப் புதிதா? அதிக நன்கொடை கொடுத்தவர் பேச்சுத்தான் ஜமாஅத்தில் எடுபடும் என்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். பணம் வேண்டும், பணக்காரர் ஆட்டி வைக்கவும் கூடாது. அந்தச் சிக்கலை அமெரிக்கர்களும் தீர்க்கவில்லை, நாமும் தீர்க்கவில்லை.

மனைவி என்பதால் ஓட்டா?

1930-இல் லண்டனில் வட்டமேஜை மாநாடு. இந்தியப் பெண்கள் சார்பில் இரண்டு பேர் போனார்கள். ஒருவர் லாகூரின் பேகம் ஜஹானாரா ஷா நவாஸ். இன்னொருவர் நம் தமிழ்நாட்டுக் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் சுப்பராயனின் மனைவி ராதாபாய். ஓட்டு எப்படி யாருக்குக் கொடுப்பது என்று ஆராய 1932-இல் வந்த லோதியன் குழுவிலும் ராதாபாய் உறுப்பினர். இப்போதைக்குக் கிடைப்பதை வாங்குவோம், பெண்களுக்குத் தனி இடங்களும் வேண்டும் என்பது அவர் நிலை. ஆனால் பெண்களின் பெரிய அமைப்புகள் 1931-இல் வேறு மாதிரி சொன்னார்கள். வயது வந்த ஆண், பெண் எல்லோருக்கும் ஓட்டு வேண்டும். சொத்து, படிப்பு, கணவன் எதையும் கேட்காதே! இப்படிச் சொன்னவர்களும் வசதியான வீட்டுப் பெண்கள்தான். சொத்துத் தகுதி இருந்தால் அவர்களுக்கு ஓட்டு நிச்சயம். அதை எடு என்று அவர்களே சொன்னார்கள் என்றால், இந்த வரலாற்றில் என் மனதைத் தொட்ட இடம் அதுதான்.

அரசு கேட்கவில்லை. 1935 சட்டத்தில் சொத்து, படிப்பு, இவற்றோடு சொத்துள்ளவனின் மனைவி என்ற தகுதி. சுமார் 60 லட்சம் பெண்களுக்கு ஓட்டு வந்தது. கூலிக்காரனின் மனைவிக்கு வரவில்லை.

அப்போது நடந்த தேர்தலில் ஐக்கிய மாகாண மேலவைக்கு நின்றார் பேகம் குத்ஸியா அய்ஜாஸ் ரசூல். மலேர்கோட்லா நவாப் குடும்பத்துப் பெண், சந்தீலா தாலுக்தாரின் மனைவி. பர்தாவை விட்டவர், அதனால் இவருக்கு ஓட்டுப் போடக்கூடாது என்று ஃபத்வா வந்தது. என்னைப் போல மதரஸாவில் ஓதியவர்கள் கொடுத்த ஃபத்வாதான். மக்கள் அவரையே ஜெயிக்க வைத்தார்கள். பர்தா விஷயத்தில் எனக்கு அவரோடு கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் நிலக்கிழார் குடும்பத்தில் இருந்துகொண்டே ஜமீன்தாரி முறையை ஒழிக்க வேண்டும் என்று பேசியவர் அவர். அரசியல் நிர்ணய சபையில் இருந்த ஒரே முஸ்லிம் பெண்ணும் அவர்தான். சொத்தையும் கணவனையும் கேட்காத ஓட்டு, அந்தச் சபை எழுதிய அரசியல் சட்டத்தால் வந்தது.

வந்த பிறகும் ஒரு வேடிக்கை! 1951-52 முதல் பொதுத்தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனார்கள். வடமாநிலங்களில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுத வைத்தார்கள். பெயர் இல்லாமல் ஓட்டு இல்லை என்று தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். சோபியா மோதிரத்தை இழந்து, நிஷாதுன்னிஸா பேகம் சென்னை வரை வந்து கேட்ட ஓட்டு, ஒரு பெயரைச் சொல்லாததால் போயிற்று.

சோழவரத்துக்கு வருவோம்

யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுதளத்தில் கார் பந்தயம் நடந்ததால் ஒரு காலத்தில் நாடறிந்த ஊர் இது. பந்தயம் போய்விட்டது; கிடங்குகளும் கம்பெனிகளும் கடைகளும் வந்துவிட்டன. நம்மவர்கள் கையில் நாலு காசு புரள்கிறது, அல்ஹம்துலில்லாஹ். கடைகளில் எத்தனை மனைவியின் பெயரில், மகளின் பெயரில் இருக்கின்றன? சில உண்டு. வங்கிக் கடனுக்காகவும் வருமான வரிக்காகவும் எழுதிய பெயர்கள் அவை. கடை எந்தத் தெருவில் என்றுகூட அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. உள்ளாட்சியிலும் இதுதான். பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்துவிட்டது. பலகையில் மனைவி பெயர் இருக்க, நாற்காலியில் கணவர் உட்கார்ந்திருப்பதை எத்தனை ஊரில் பார்த்துவிட்டோம்!

அதனால் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வாக்காளர் பட்டியலின் நகல் நம் அலுவலக மேசையில் இருக்கிறது. உங்கள் தெரு, உங்கள் வீட்டு எண் பாருங்கள். 18 வயது நிறைந்த மகள் இருந்தால் படிவம் 6. கல்யாணமாகி வந்த மருமகளின் பெயர் இன்னும் தாய்வீட்டுப் பட்டியலில் இருந்தால், அல்லது பெயர் தப்பாக இருந்தால் படிவம் 8. ஆண்டு முழுவதும் கொடுக்கலாம், தேர்தல் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நிரப்பித் தர நம் இளைஞர்கள் மாலையில் இருக்கிறார்கள். பங்குப் பத்திரம் முடிக்காமல் வைத்திருப்பவர்கள் தனியாக வந்து என்னைப் பாருங்கள், அதற்கு மேசை போதாது.

இந்த உரையை எழுதி முடித்த அன்று மாலை, தொடக்கத்தில் சொன்ன அந்தக் கடைக்காரச் சகோதரர் அலுவலகத்துக்கு வந்தார். பட்டியலில் விரல் வைத்துத் தேடினார். அவர் பெயர் இருந்தது, மகன் பெயர் இருந்தது. மனைவியின் பெயர் இல்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கைப்பேசியை எடுத்து வீட்டுக்குப் போட்டார். "உன் பேரை முழுசா எப்படி எழுதறதுன்னு சொல்லு" என்றார்.